பாதுகாப்பு என்ற சொல்லும் மூன்று வகைப் புத்தகங்களும்

கேள்வி இது: "எங்கள் ஊர் வாசிகசாலையில் எட்டுப் பேர் சேர்ந்து ஆறு மாதத்துக்கு ஒரு வாசகர் வட்டம் நடத்தப் போகிறோம். இயற்கைப் பாதுகாப்பு, போர், தணிக்கை ஆகிய மூன்றையும் பற்றி அண்மையில் வந்த புனைவல்லாத புத்தகங்களை எடுத்திருக்கிறோம். எந்த ஒழுங்கில் வாசிப்பது? எதை நம்புவது, எதை எப்படிச் சரிபார்ப்பது?"

இரண்டு மாதம் காடு, இரண்டு மாதம் போர், இரண்டு மாதம் தணிக்கை என்று பிரிக்காதீர்கள். நூலகத்தில் அவை வேறு வேறு அலுமாரிகளில் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் நடந்த கதையில் அவை ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. தமிழே அதைக் காட்டிக்கொடுக்கிறது. பலாலிப் பக்கம் சனத்தை எழுப்பிவிட்டு அடைத்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம். 2009இல் வன்னியில் சனத்தைப் போய் இருக்கச் சொன்ன இடம் பாதுகாப்பு வலயம். யானையையும் பூநாரையையும் பார்ப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அவசரகால விதிகளும் அவற்றோடு பத்திரிகைத் தணிக்கையும் பிறப்பது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில். இப்போது இணையத்தில் எழுதுவதற்கு வந்திருப்பது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இல்லை. மொழிபெயர்ப்பில் ஏறத்தாழ எல்லாம் 'பாதுகாப்பு' ஆகிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பு நூலில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு, யாரை யாரிடமிருந்து காப்பது என்று பக்கத்தில் எழுதுங்கள். அதற்குப் பதில் எழுத முடியாத பந்தி, பெரும்பாலும் நூலாசிரியரே யோசிக்காமல் எழுதிய பந்தி.

முதல் கூட்டத்துக்கு முன் ஆளுக்கு ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) வாங்குங்கள். புத்தகம் கைக்கு வந்ததும் முதலாம் அத்தியாயத்தைத் திறக்காமல் ஒரு முக்கால் மணித்தியாலம் பின்பக்கமும் முன்பக்கமுமாகப் பாருங்கள். உரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டு, மூலமொழி, எந்த ஊரில் அச்சானது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சான ஊரைச் சின்ன விசயமாக எடுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் எழுதிய புத்தகம் ஏன் வேறு தேசத்தில் அச்சானது என்பதே பல தடவை தணிக்கை பற்றிய முதல் தகவல். யாழ்ப்பாணத்துப் போர்க்காலத்தைப் பற்றிய 'முறிந்த பனை'யின் ஆங்கில மூலம் 1990இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெளிவந்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதியே யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொண்டு வாசிப்பவருக்கும் தெரியாமல் வாசிப்பவருக்கும் அந்தப் புத்தகம் ஒன்றல்ல.

அடுத்தது நன்றியுரை. பலர் தாண்டிப் போகும் பக்கம் அது. அனுமதி தந்தவர் யார், வாகனம் தந்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார், எத்தனை நாள் களத்தில் நின்றார் என்பதெல்லாம் அங்கேதான் கசியும். படையினரின் வாகனத்தில் போய்ப் பார்த்து எழுதியதும், புலிகள் இயக்கத்தின் ஊடகப் பிரிவு கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காட்டப்பட்டதை மட்டும் பார்த்தவை, அவ்வளவே. வனசீவராசிகள் பற்றிய நூலுக்கும் இதுவே அளவுகோல். ஆய்வு அனுமதியும் தங்குமிடமும் திணைக்களம் கொடுத்ததென்றால், அந்தத் திணைக்களத்தின் எல்லைத் தகராறுகளுக்கு நூலில் எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லடைவில் தேடுங்கள். சொல்லடைவு இல்லாத நூலென்றால் வாசித்துக்கொண்டே கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நீங்களே ஒன்று போடுங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், திகதி என்ற மூன்று பத்தி போதும்.

பிறகு அடிக்குறிப்புகள். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. நூலின் மிகக் கனமான கூற்றுகள் ஐந்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் குறிப்பு எண்ணையும் பிடித்துக்கொண்டு போங்கள். குறிப்பு இன்னொரு புத்தகத்தைக் காட்டும். அந்தப் புத்தகம் ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டும். அந்தச் செய்தி 'தகவலறிந்த வட்டாரங்கள்' என்று முடியும். ஐந்தில் மூன்று இப்படிக் காற்றில் முடிந்தால் அந்த நூலை வாசியுங்கள், ஆனால் அதிலிருந்து மேற்கோள் காட்டாதீர்கள்.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றை ஆதாரமாகக் காட்டும் குறிப்பு வந்தால், திகதியைப் பார்த்தவுடன் அன்றைக்கு ஊர் யாருடைய கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். 1987 முதல் 1990 தொடக்கம் வரை இந்தியப் படை. 1990 முதல் 1995 வரை புலிகள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின் அரச படை. ஆக, 1992இல் யாழ்ப்பாணத்தில் வந்த செய்தியில் இல்லாமல் போனதற்கும் 1998இல் வந்த செய்தியில் இல்லாமல் போனதற்கும் ஒரே ஆள் காரணமல்ல. 1995, 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் அரசு இராணுவச் செய்திகளுக்கு முன்தணிக்கை கொண்டுவந்தது. அந்த மாதங்களின் செய்தியை ஆதாரமாக வைத்து எழுதிய அத்தியாயம், தணிக்கை இருந்ததை ஒரு வரியாவது சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் ஒன்று அவருக்குத் தெரியாது, அல்லது எங்களுக்குத் தெரியத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். இரண்டும் நல்லதல்ல.

தணிக்கை என்றதும் கறுப்பு மையால் அடித்த வரியைத்தான் பலர் நினைக்கிறார்கள். அது தணிக்கையின் மிக நேர்மையான வடிவம். எங்கே வெட்டினார்கள் என்றாவது தெரியும். கடை பூட்டுவது இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த 'சற்றர்டே றிவியூ' வார இதழின் அலுவலகத்துக்கு 1983 யூலையில் சீல் வைத்தார்கள். எரிப்பது மற்றொன்று. 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தது. பொருளை மறிப்பது வேறொரு வகை, இதைப் பற்றிப் புத்தகங்கள் குறைவாகவே பேசுகின்றன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாளும் மையும் மின்சாரமும் இல்லாமல், கிடைத்த கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தார்கள். பக்கம் குறைந்தால் செய்தி குறையும். முதலில் விழுவது வயல், கடல், காடு பற்றிய செய்தி. இன்றைக்கு அந்த ஆண்டுகளின் சுற்றுச்சூழல் வரலாறு எழுத வருபவர் 'பதிவுகள் கிடைக்கவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும். கடைசி வகை, எழுதுபவரின் மேசையிலேயே நடப்பது. சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு பத்துப் பேரை மறியலில் போட வேண்டியதில்லை, ஒருவரைப் போட்டால் மற்றவர்கள் தாங்களே பேனையை மூடிவிடுவார்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பத்திரிகைக் கட்டுரைகளுக்காக ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தார்கள். அடுத்த ஆண்டே மன்னிப்பும் கொடுத்தார்கள். மன்னிப்புக் கிடைத்த செய்தியால் மற்றவர்களின் பேனை திறந்ததென்று நினைக்க வேண்டாம்.

இனி எண்கள். வாசகர் வட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எண்ணைப் பாடமாக்குகிறார்கள், அதோடு வந்த வினைச்சொல்லை விட்டுவிடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது, போரின் இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை 'இல்லையென்று ஒதுக்கிவிட முடியாது' என்பதே. ஐ.நா.வின் சொந்தச் செயற்பாடு பற்றி 2012இல் வந்த உள்ளக மீளாய்வு சொன்னது, 70,000க்கு மேற்பட்டோர் 'கணக்கில் வராதவர்கள்' என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்று. முதலாவது இறப்புக்கான ஓர் உச்ச மதிப்பீடு. இரண்டாவது இருந்த சனத்தொகையையும் வெளியே வந்த சனத்தொகையையும் கழித்துப் பார்க்கும் வகை. இரண்டையும் கூட்டவும் முடியாது, ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்லவும் முடியாது. கொப்பியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி ஒதுக்கி எண், அதன் வினைச்சொல், எந்தப் பரப்பு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, யார் எண்ணினார், எப்படி எண்ணினார் என்று எழுதுங்கள். கடைசி இரண்டு கட்டமும் வெறுமையாக இருக்கும் எண்ணைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றிய எந்த நூலுக்கும் இன்னொரு கேள்வி உண்டு. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளின் சர்வதேசப் பணியாளர்களையும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். சுயாதீனப் பத்திரிகையாளருக்கு இடமில்லை. மிஞ்சியது அங்கே நின்ற அரச வைத்தியர்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல், உள்ளூர்ப் பணியாளர்கள், செய்மதிப் படம், கைத்தொலைபேசிக் காணொளி, தப்பி வந்தவர்களின் வாக்குமூலம். நூல் இவற்றில் எதில் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். செய்மதிப் படம் குழியைக் காட்டும், குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்பதை எல்லா நேரமும் காட்டாது. வாக்குமூலம் யார் என்பதைச் சொல்லும், மணி நேரத்தைப் பிழையாகச் சொல்லலாம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எழுதப்பட்ட பந்திதான் உறுதியானது.

எங்களுடைய சொந்தக் காயம் பற்றிய எண்களையும் இதே தராசில் வைக்க வேண்டும், அதுதான் கடினம். யாழ். பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. எரித்த இரவை மே 31 என்று ஒரு நூலும் யூன் 1 என்று இன்னொரு நூலும் சொல்லும். இந்த முரண்பாட்டைக் கவனித்து ஒரு வரி எழுதிய ஆசிரியர் மூலங்களை ஒப்பிட்டிருக்கிறார் என்று நம்பலாம். இன்னொரு பரீட்சை: யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைச் சொல்லும் 'யாழ்ப்பாண வைபவமாலை'யின் ஒரேயொரு பிரதி அங்கே எரிந்தது, அந்த நூலே அழிந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்த நூல் அழியவில்லை. பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இலேயே வெளிவந்தது. தமிழில் குல. சபாநாதன் பதிப்பு எரிப்புக்கு மூன்று பத்தாண்டு முன்னரே அச்சில் இருந்தது. எரிந்து போனவை வேறு எங்கும் படியெடுக்கப்படாத ஏட்டுச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும். அச்சான நூலின் பெயரைச் சொல்லி அழும்போது, பெயரே தெரியாமல் போன அவற்றை மறக்கிறோம். நாங்கள் ஒன்றைப் பெருப்பித்துச் சொன்னால், மறுக்க நிற்பவன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்ச எல்லாவற்றையும் தள்ளிவிடுவான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

காடு, விலங்கு பற்றிய நூல்களுக்கு வருவோம். இவற்றில் இப்போது ஒரு வாய்பாடு ஓடுகிறது: 'போர் மனிதரை விரட்டியது, இயற்கை திரும்பி வந்தது.' கொரியாவின் படைவிலக்கப்பட்ட வலயம்தான் இதற்கு எப்போதும் காட்டும் உதாரணம். ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளம், 4 கிலோமீற்றர் அகலம், உள்ளே கொக்குகள். அது உண்மைதான். ஆனால் அது சண்டை நின்ற பிறகு பூட்டப்பட்ட நிலம், சண்டை நடக்கும் நிலமல்ல. சண்டை நடக்கும் இடத்துக்கான சாட்சி வேறு மாதிரி. ஆபிரிக்காவின் 126 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 1946 முதல் 2010 வரை பெரிய தாவர உண்ணிகளின் கணக்கை எடுத்த ஆய்வொன்று 2018இல் 'நேச்சர்' இதழில் வந்தது. விலங்குத் தொகை சரிவதை மற்ற எதையும்விட நன்றாக முன்னறிவித்தது, அந்தப் பகுதியில் எத்தனை ஆண்டு போர் நடந்தது என்ற கணக்கே. அதே ஆய்வு, முற்றாக அழிந்தவை குறைவு, மீள முடியும் என்றும் சொல்கிறது. நூல்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மொசாம்பிக்கின் கொரங்கோசா பூங்காவும் அடிக்கடி வரும். 1977 முதல் 1992 வரை நடந்த போரில் அங்கே யானைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. தந்தத்தை விற்று ஆயுதம் வாங்கினார்கள். போருக்கு முன் தந்தமில்லாப் பெண் யானைகள் 18.5 வீதம், பின் 50.9 வீதம். 2021இல் வந்த இந்தக் கணக்கை ஒரு நல்ல மாதிரியாக வட்டத்தில் எடுத்துப் பேசலாம். பழைய காணொளிகளைப் பார்த்து யானைகளை எண்ணியிருக்கிறார்கள், தற்செயலாக இப்படி நடந்திருக்குமா என்றும் கணித்துப் பார்த்திருக்கிறார்கள். எண், வினைச்சொல், எண்ணிய முறை என்று எங்கள் கொப்பியின் எல்லாக் கட்டமும் நிரம்பும்.

எங்கள் பக்கத்துக்கு இந்த வாய்பாட்டைப் பொருத்தும் நூலில் 'காட்டின் பரப்பு கூடியது' என்று செய்மதிக் கணக்கு ஒன்று இருந்தால், காடு என்றால் என்ன என்று அந்த நூல் எங்கே வரையறுத்திருக்கிறது எனத் தேடுங்கள். ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வரையறையில் அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம், 5 மீற்றர் உயரத்தை எட்டக்கூடிய மரங்கள், 10 வீதத்துக்கு மேற்பட்ட கவிகை (மரத்தலைகள் மூடும் பரப்பு) வேண்டும். 1990இல் எழும்பிப் போன ஒருவரின் வீட்டு வளவு இருபது வருசத்தில் பற்றை பிடித்து, வேம்பும் ஈச்சையும் முளைத்து, மேலே இருந்து பார்க்கப் பச்சையாகத்தான் தெரியும். படத்தில் அது காடு, காணி உறுதிப் பத்திரத்தில் அது தோட்டக்காணி. அதே காலத்தில் பதுங்குகுழிக்கு மூடுகுற்றியாகத் தறித்த பனையும் தென்னையும் காட்டுக் கணக்கில் வராது, அவை காடே இல்லையாம். முகமாலையில் மிதிவெடி புதைத்த நிலத்தில் பறவை கூடு கட்டும். அதைப் படம் பிடித்து அட்டையில் போடுவதில் பிழை இல்லை, வெடி அகற்றுபவர் முழந்தாளில் இருந்து சாண் சாணாக எடுக்கும் வேலைக்கும் ஒரு பக்கம் கொடுத்தால்.

சட்டப் பெயர்களைக் குழப்பும் நூலை உடனே பிடித்துவிடலாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டும், அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. வடக்கின் சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. இடையில் மாறியது பெயர்ப்பலகை மட்டுமல்ல. யாருடைய வாடி, யாருடைய மேய்ச்சல், யாருடைய கரைவலைப் பாடு எந்தக் கோட்டுக்குள் விழுந்தது என்பதும் மாறியிருக்கும். பூநாரையைப் பற்றி நாற்பது பக்கமும் இதைப் பற்றி நான்கு வரியும் எழுதியிருந்தால் அது நல்ல பறவை நூல், இயற்கைப் பாதுகாப்பு நூலல்ல. வனவளத் திணைக்களம் இன்னொரு சட்டத்தில் இயங்கும் இன்னொரு திணைக்களம். 'வன இலாகா' என்று இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருந்தால் எல்லை பற்றிய கூற்றுகளை அப்படியே எடுக்காதீர்கள்.

சரிபார்க்கும் வேலைக்கு வீட்டிலிருந்தபடி போகக்கூடிய இடம் 'நூலகம்' என்ற இணையத்தளம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இலவசமாக வைத்திருக்கிறார்கள். பழைய பத்திரிகைகள் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும், சொல்லைப் போட்டுத் தேடினால் வராது. 'செய்தியே இல்லை' என்று அதை வைத்து முடிவெடுத்து ஏமாறுபவர்கள் உண்டு. இதழின் பெயரையும் ஆண்டையும் பிடித்துத் திகதிப்படி திறந்து கண்ணால் வாசியுங்கள். சம்பவம் நடந்த நாளில் தொடங்கி அடுத்த பத்து நாளையும் பாருங்கள், தணிக்கைக் காலத்தில் செய்தி பிந்தியும் மரண அறிவித்தலாகவும் வரும். செய்தியில் இல்லாத பெயர் மரண அறிவித்தலில் ஊரோடும் உறவோடும் நிற்கும்.

எல்லை பற்றிய கூற்றுக்கு வர்த்தமானி அறிவித்தலின் இலக்கமும் திகதியும் வேண்டும். நூலில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிய திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். "ஏன் எங்கள் காணியைச் சேர்த்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, அல்லது வியாக்கியானம் வரும். "இன்ன பிரதேச செயலர் பிரிவில் இன்ன தேசியப் பூங்காவின் எல்லையைக் காட்டும் வர்த்தமானியினதும் வரைபடத்தினதும் பிரதி" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் இல்லாவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. தேசிய பாதுகாப்பு என்று காரணம் காட்டி மறுத்தால் அந்தக் கடிதத்தையே கொப்பியில் ஒட்டுங்கள். 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு இன்னொரு அடிக்கோடு.

எட்டுப் பேருக்கு ஆறு மாதத்தில் ஆறு புத்தகம் காணும், பன்னிரண்டு என்று பேராசைப்பட வேண்டாம். 300 பக்க நூலை நாளுக்கு 20 பக்கமாக வாசித்தால் பதினைந்து நாள், மிச்சப் பதினைந்து நாள் சரிபார்க்க. ஒவ்வொரு நூலுக்கும் இருவர் எண், இருவர் வரைபடமும் திகதியும், இருவர் அடிக்குறிப்பு, ஒருவர் நன்றியுரையும் பதிப்பு விவரமும், மிஞ்சிய ஒருவர் நூலாசிரியருக்காக வாதாடுபவர். கடைசி ஆள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் கூட்டத்தோடு எல்லாரும் பிழை பிடிப்பதிலேயே ருசி கண்டு, புத்தகம் என்ன சொல்ல வந்தது என்று கேட்க ஆளிராது. ஒழுங்கு என்று கேட்டால், வேறு தேசத்துப் போரும் காடும் பற்றிய ஒன்றை முதலில் வையுங்கள். மொசாம்பிக்கைப் பற்றிச் சண்டையில்லாமல் பேசிப் பழகிய பிறகு முள்ளிவாய்க்காலுக்கு வருவது சுகம். போர் நூல் ஒன்றை எடுக்கும் மாதத்தில் அதற்கு மறுபக்கம் நின்று எழுதிய நூலின் ஓர் அத்தியாயத்தையாவது பிரதியெடுத்து வாசியுங்கள்.

குறிப்புகளை இணையத்தில் போடுவதென்றாலும், உங்கள் வட்டத்தில் யாராவது தங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருந்தால் அதைப் போடாதீர்கள். அதைத் தனிக் கொப்பியில் வைத்து, வாசிகசாலை அலுமாரியில் அல்ல, சொன்னவரிடமே கொடுத்துவிடுங்கள்.